வீட்டில் நோயாளியைக் கவனிக்க ஆள் வைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, திருச்சி வீட்டில் மூன்று வருடங்களுக்கு மேல் படுக்கையில் இருந்தார். அந்தக் காலத்தில் மூன்று ஏஜென்சிகளையும் பதினோரு அட்டெண்டர்களையும் பார்த்தோம். அவர்களில் இருவர் தெய்வம் போன்றவர்கள், ஒருவர் மூன்றாம் நாளே காணாமல் போனார். இப்போது உறவினர்களும் பழைய வங்கி நண்பர்களும் தெருக்காரர்களும் போன் செய்து ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் நோயாளிக்கென்று அவருடைய மருத்துவர் சொன்னது வேறாக இருந்தால் அதையே கேளுங்கள்.

ஹோம் நர்ஸ் என்கிறார்கள், அட்டெண்டர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பெரும்பாலான வம்புகள் இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நர்ஸ் என்றால் படித்துப் பதிவு செய்தவர். ஏ.என்.எம். இரண்டு வருடப் படிப்பு, ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்தபின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும்.

அட்டெண்டர் என்பவர் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, நடக்கவைப்பது ஆகியவற்றைச் செய்பவர். சிலர் சில மாதப் பயிற்சி பெற்றிருப்பார்கள், பலர் வேலையிலேயே கற்றவர்கள். இந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். படுக்கையில் இருப்பவருக்கு நாளில் முக்கால்வாசி தேவை இதுதான். ஆனால் அட்டெண்டருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி "நர்ஸ்" என்று அனுப்பி, நர்ஸுக்குரிய கட்டணம் வாங்குகிற ஏஜென்சிகள் இருக்கின்றன. கோட்டைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் அப்பாவுக்கு இருவரில் யார் தேவை என்று எப்படி முடிவு செய்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று வார்டு நர்ஸிடமும் மருத்துவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "வீட்டில் இவர் உடம்புக்குள் ஏதாவது போக வேண்டியிருக்கிறதா, உடம்பில் புண்ணோ குழாயோ இருக்கிறதா?" ஊசி மருந்து, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டைத் துளை, ஆழமான புண் என்று ஏதாவது இருந்தால் நர்ஸ் வேண்டும். நாள் முழுக்க வேண்டும் என்பதில்லை. ஒரு அட்டெண்டர் நிரந்தரமாக இருக்க, நர்ஸ் தினமும் ஒருமுறையோ வாரம் இருமுறையோ வந்து போவது பல வீடுகளுக்குப் போதும், செலவும் தாங்கும்.

இந்த ஏஜென்சிகளுக்கு அரசு உரிமம் உண்டா? எதைக் காட்டச் சொல்ல வேண்டும்?

ஜி.எஸ்.டி. பதிவு காட்டுவார்கள், நிறுவனப் பதிவு காட்டுவார்கள். அவை வியாபாரம் செய்வதற்கான தாள்கள், பராமரிப்பின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019-இல் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை. 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

ஆகவே சுவரில் தொங்கும் சான்றிதழைவிட ஏஜென்சி உங்கள் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் முக்கியம். ஆள் அனுப்பும் முன் யாராவது வந்து நோயாளியை நேரில் பார்ப்பார்களா? அட்டெண்டருக்கு மேலே பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்கிறாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணில் யார் எடுப்பார்கள்? ஆள் வராத நாளில் எத்தனை மணிக்குள் மாற்று ஆள்? "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்பது இந்தக் கேள்விகளில் எதற்கும் பதில் அல்ல. எழுத்தில் தரத் தயங்கினால் அடுத்த இடம் பாருங்கள்.

வருகிறவர் உண்மையிலேயே நர்ஸ்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள், ஆதாரோடு பெயரும் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் குழுமத்திடமே கேட்கலாம். உண்மையான நர்ஸ் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பைக்குள் தயாராக வைத்திருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

போலீஸில் விசாரித்தால் அவர்கள் மனம் நோகாதா?

நாசூக்காகச் சொன்னால் நோகாது. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளரைச் சரிபார்க்கக் கட்டணத்தோடு ஒரு சேவை இருக்கிறது. ஏஜென்சி ஏற்கெனவே செய்திருந்தால் அந்த அறிக்கையின் நகலை வாங்குங்கள், தேதியையும் பாருங்கள். அதைவிட எனக்குப் பயன்பட்டது, அவர் கடைசியாக வேலை செய்த இரண்டு வீடுகளுக்கு நானே போன் செய்ததுதான். "எப்படி இருந்தார்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர் என்பார்கள். "மறுபடியும் தேவைப்பட்டால் அவரையே கூப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் அந்தச் சின்ன மௌனத்தைக் கவனியுங்கள்.

நகைப் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான். ஆள் வரும் முந்தைய நாளே நோயாளியின் வளையலையும் தோட்டையும் கழற்றிப் பூட்டிவிடுங்கள். பிறகு யாரையும் சந்தேகப்பட வேண்டியிராது.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கட்டில் பக்கத்தில் பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். முதல் பக்கத்தில் பெயர், நோய்கள், ஒவ்வாத மருந்துகள், மருத்துவர் எண், 108, உங்கள் எண். இரண்டாவது பக்கத்தில் மாத்திரைப் பட்டியல், நேரத்தோடு. மூன்றாவது பக்கத்தில் அட்டெண்டர் செய்யக் கூடாதவை. அதற்குப் பின் தினமும் ஒரு பக்கம்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார், என்ன சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு, மலம் போனதா, காய்ச்சல் உண்டா.

எழுதப் படிக்கச் சிரமப்படும் அட்டெண்டராக இருந்தால் கட்டம் போட்டுக் கொடுங்கள், டிக் அடித்தால் போதும். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் நோயாளி பக்கத்தில் நின்று அந்தப் பக்கத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "ஒன்றும் விசேஷம் இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனதில்தான் எங்கள் அம்மாவுக்கு ஒருநாள் ரத்த அழுத்த மாத்திரை இரண்டு முறை போனது. அதன்பிறகுதான் எங்கள் வீட்டுக்கு நோட்டு வந்தது.

கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார். அது போதாதா?

அதே கையுறையோடு டயப்பர் மாற்றிவிட்டுக் கதவைத் திறந்து, டம்ளரை எடுத்து, வாய் துடைத்துவிட்டால் கையுறையால் யாருக்கு என்ன லாபம்? அது அவருடைய கையைத்தான் காப்பாற்றும். கையுறை ஒரு வேலைக்கு ஒன்று, கழற்றியதும் கை கழுவ வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நோயாளி அறையிலேயே சோப்பும் தனித் துண்டும் இருந்தால் தானாக நடக்கும். சமையலறைக் குழாய்க்குப் போய்க் கழுவச் சொன்னால் நடக்காது.

வாட்டர் பெட் வாங்கிவிட்டோம். இனி படுக்கைப் புண் வராது அல்லவா?

வரும். மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், நீக்காது. எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் எடையே ரத்த ஓட்டத்தை நசுக்குவதால் வருவது படுக்கைப் புண். அதனால் எந்த மெத்தையாக இருந்தாலும் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்ற வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் எடையெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும், ஆகவே முதுகுக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள், தோல் உரியும். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

காற்று மெத்தை என்றால் ஒரு சோதனை உண்டு. நோயாளியின் இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். அவர் உடம்பு கையில் நேராக இடித்தால் காற்று போதவில்லை. மின்சாரம் போய் வந்த பிறகு பம்ப் ஓடுகிறதா என்றும் பாருங்கள், எங்கள் வீட்டில் ஒரு இரவு முழுக்க அது ஓடவில்லை.

தினமும் குளிப்பாட்டும்போது அடிமுதுகு, குதிகால், இடுப்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களை நீங்களே பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது, அதனால் தொட்டுப் பாருங்கள்: சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கல் போலவோ இருந்தால் அதே பொருள்தான். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பவுடரை அப்புவதும் வேண்டாம், வியர்வையோடு கட்டியாகி அதுவே உறுத்தும்.

மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பதை அட்டெண்டர் செய்யலாமா?

நர்ஸ் கற்றுக்கொடுத்து, உங்கள் கண் முன்னால் சில முறை சரியாகச் செய்து காட்டிய அட்டெண்டர் கொடுக்கலாம். குழாயைப் புதிதாகப் போடுவதோ, வெளியே வந்த குழாயை உள்ளே தள்ளுவதோ கூடவே கூடாது. குழாய் வயிற்றுக்குப் பதில் நுரையீரலில் இருந்தால் ஒரு டம்ளர் கஞ்சி உயிரை வாங்கிவிடும்.

குழாய் போட்ட அன்று மூக்கு நுனியில் இருக்கும் இடத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊட்ட வேண்டும். நகர்ந்திருந்தால் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். நுனியைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், காற்றைச் செலுத்தி ஸ்டெத்தஸ்கோப்பில் கேட்பதும் பழைய வழக்கங்கள், நம்பத்தக்கவை அல்ல. உறிஞ்சி எடுத்த நீரை அமிலத் தாளில் (பி.எச். தாள்) சோதித்து பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டி முடித்தும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். ஊட்டி முடித்த உடனே சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டாமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். காலையில் காய்ச்சியதை வெளியே வைத்துச் சாயங்காலம் கொடுப்பது நம் வெயிலுக்கு வயிற்றுப்போக்கில்தான் முடியும். இருமல், மூச்சு வாங்குதல், முகம் மாறுதல் என்று எது தெரிந்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடலாமா?

எல்லா மாத்திரையையும் அல்ல. மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே வீச்சில் உள்ளே போகும். பட்டியலை மருந்துக் கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் காட்டி, பொடிக்கக் கூடாதவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதி நோட்டின் இரண்டாவது பக்கத்தில் ஒட்டுங்கள்.

சிறுநீர்ப் பையில் கவனிக்க என்ன இருக்கிறது?

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. நாற்காலியில் உட்காரவைக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு, பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். நிறைய விடாமல் காலி செய்யுங்கள். கலங்கல், நாற்றம், காய்ச்சல், திடீர்ப் பிதற்றல் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்சுலின் ஊசியை அட்டெண்டர் போடலாமா?

நர்ஸோ வீட்டு மனிதரோ போடுவதே நல்லது. வழியே இல்லை என்றால் பேனா வகை இன்சுலினில், எத்தனை யூனிட் என்று திருப்பி வைத்ததை வீட்டில் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகு, பயிற்சி பெற்ற அட்டெண்டர் குத்தலாம் என்று எங்கள் மருத்துவர் அனுமதித்தார். இட்லித் தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. ஊசி போட்டுவிட்டு "மாவு புளிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்பது ஆபத்தான விளையாட்டு.

வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 28 நாள் வரைதான், அதுவும் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால். சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மூடிய டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வைக்கலாம்.

குத்திய ஊசிக்கு மூடி மாட்டாதீர்கள், பலருக்குக் குத்துவது அப்போதுதான். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் டேப் ஒட்டி, ஊசி என்று எழுதி, ஆஸ்பத்திரியிலோ தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகவோ கொடுங்கள். குப்பைப் பையில் கலந்து போட்டால் அதைப் பிரிக்கிற பெண்ணின் கையில்தான் குத்தும்.

பலவீனமாக இருக்கிறார், வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றிவிடலாமா?

வேண்டாம். அரை லிட்டர் சாதாரண குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூட வராது. இரண்டு இட்லி ஊட்டினால் அதைவிடத் தெம்பு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவருக்கு அந்த அரை லிட்டரே மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம்.

மருத்துவர் எழுத்தில் சொன்ன மருந்தைப் பதிவு பெற்ற நர்ஸ் ஏற்றலாம். அப்போதும் புதிய ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ் ஆஸ்பத்திரியில்தான். ஒவ்வாமை வந்தால் கையாள வேண்டிய மருந்தும் ஆளும் அங்கேதான் இருக்கின்றன.

வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் இருக்கிறது. பூஜை விளக்கு ஏற்றலாமா?

அந்த அறையில் கூடாது. ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் வெறியோடு எரியவைக்கும். புடவையும் போர்வையும் ஆக்ஸிஜனை உறிஞ்சி வைத்திருக்கும். விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்தி, பீடி எல்லாம் குறைந்தது பத்தடிக்கு அப்பால். எங்கள் அத்தைக்கு இது பெரிய மனக்குறையாக இருந்தது. சின்ன மின்விளக்கை சாமி படத்துக்கு மாட்டிச் சமாதானம் செய்தோம். மூக்கு காய்ந்தால் வாஸலினோ எண்ணெயோ தைலமோ தடவாதீர்கள்.

இயந்திரத்தின் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மின்தடைக்குத் தனி சிலிண்டர் ஒன்று நிரம்பியிருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று தானாக அளவைக் கூட்டக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு, அதற்கு மேல் ஏற்றுவதே தீங்கு.

குளியலறையில் விழுந்துவிட்டார், உடனே தூக்கிவிட்டோம். சரிதானே?

முதலில் தூக்காதீர்கள். வலி எங்கே, கால் ஒன்று குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருக்கிறதா, தலையில் பட்டதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் பட்டு விழுந்தால், அப்போது நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். கைப்பிடியைச் சுவரில் துளையிட்டு மாட்டுங்கள். துண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தவர் கம்பியோடு விழுந்த கதை எனக்கு நேரிலேயே தெரியும்.

இரவில் எழுந்து நடக்கிறார், குழாயைப் பிடுங்குகிறார். கையைக் கட்டிவைக்கலாமா?

கட்டுவது எளிது, அதனாலேயே அட்டெண்டர்கள் கேட்பார்கள். கட்டிய கையை இழுத்து இழுத்துத் தோல் கிழியும், கட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்குவார், பயத்தில் இன்னும் முரண்டு பிடிப்பார். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று இப்படிச் செய்தால் காரணம் உடம்பில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மாத்திரை. நோட்டைப் புரட்டிப் பாருங்கள், மூன்று நாளாக மலம் போகவில்லை என்று அதிலேயே இருக்கும். மருத்துவர் எழுதித் தராமல் கட்டுவதோ தூக்க மாத்திரை கொடுப்பதோ கூடாது. இது மூன்றாவது பக்கத்தில் முதல் வரியாக இருக்கட்டும்.

24 மணி நேர ஆள் என்று பணம் கொடுக்கிறோம். பகலில் தூங்குகிறாரே!

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று மேலே சொன்னேன். ஒருவரே இரவும் பகலும் அதைச் செய்தால் அவர் எப்போது தூங்குவார்? 24 மணி நேர ஆள் என்றால் வீட்டில் தங்கியிருப்பவர் என்று பொருள், விழித்திருப்பவர் என்றல்ல. இரவிலும் வேலை உண்டென்றால் 12 மணி நேரம் வீதம் இருவர் வேண்டும், அல்லது வீட்டுக்காரர் ஒருவர் இரவில் சில மணி நேரம் ஏற்க வேண்டும். தூக்கம் கெட்டவர் கையில்தான் மாத்திரை மாறுகிறது, நோயாளி நழுவுகிறார். படுக்கச் சுத்தமான இடம், நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு, வாரம் ஒருநாள் விடுப்பு: இவற்றைக் கருணை என்று நினைக்காதீர்கள், நோயாளியின் பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது. பழைய சோற்றை அவருக்கு வைத்துவிட்டு அம்மாவை அன்பாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கேமரா வைக்கலாமா?

சொல்லிவிட்டு வையுங்கள். கூடத்திலும் கட்டில் இருக்கும் அறையிலும் வைத்தால் குளிப்பாட்டும், உடை மாற்றும் நேரத்தில் திரை இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கும் மானம் உண்டு, அந்தக் காட்சி அமெரிக்காவில் இருக்கும் பேரன் போனில் ஓட வேண்டியதில்லை. அட்டெண்டர் உடை மாற்றும், தூங்கும் இடத்தில் கேமரா கூடவே கூடாது. பெண் ஒருவர் உடை மாற்றுவதை மறைவாகப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி குற்றம்.

(ஒரு அட்டெண்டர் பெண் கேட்டது) நோயாளியின் மகன் தவறாகப் பேசுகிறார். வீட்டுக்குள் நடப்பதற்கு யாரிடம் போவது?

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஏஜென்சியில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். உடனடி உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண். நாள் தள்ளாதீர்கள், பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அந்த வீட்டில் வேலையைத் தொடரச் சொல்லி ஏஜென்சி கட்டாயப்படுத்தினால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

ஏஜென்சியை விட்டுவிட்டு அவரையே நேரடியாக வைத்துக்கொண்டால் என்ன?

செலவு குறையும், அவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் இதற்குத் தடை போட்டிருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மாற்று ஆளுக்கு நீங்களே ஓட வேண்டும். மேற்பார்வைக்கு நர்ஸ் ஒருவரைத் தனியாக ஏற்பாடு செய்துகொண்டால் நல்ல ஏற்பாடுதான், எங்கள் கடைசி ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது.

தவறு நடந்துவிட்டது, ஏஜென்சி கைவிரிக்கிறது. எங்கே புகார் செய்வது?

அடி, திருட்டு, கொடுமை என்றால் காவல் நிலையம். முதியவர் தொடர்பான எந்தச் சிக்கலுக்கும் 14567 என்ற எல்டர் லைன் வழி சொல்லும். சேவைக் குறைபாடு என்றால் முதலில் ஏஜென்சிக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரசீது, ஒப்பந்தம், தேதியோடு படங்கள், நமது நோட்டு ஆகிய நான்கும் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை உண்டு.

இவ்வளவு செலவு செய்ய எங்களால் முடியாது. அரசு வழியில் ஏதாவது உண்டா?

உண்டு, பலர் கேட்பதே இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், அல்லது 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். முழு நேர ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் புண் சுத்தமும் கால் பயிற்சியும் கிடைத்தாலே பாதிச் சுமை இறங்கும்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே உயிர் பிரிந்துவிட்டால் என்ன செய்வது?

இதை முன்னாலேயே கேட்டு வைப்பதுதான் நல்லது. கடைசியாகச் சிகிச்சை பார்த்த மருத்துவரிடம், "அப்படி நேர்ந்தால் வந்து சான்று தருவீர்களா?" என்று இப்போதே கேளுங்கள். வீட்டில் நிகழும் மரணத்துக்குக் காரணம் எழுதித் தரும் படிவம் 4ஏ. மாதக்கணக்கில் எந்த மருத்துவரும் பார்க்காத நோயாளி என்றால் அந்த நேரத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதனால் இடையிடையே மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டிக்கொண்டிருங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். விழுந்ததாலோ வேறு சந்தேகமான காரணத்தாலோ என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் எடுத்துப் போகக் கூடாது.

அட்டெண்டருக்கு அன்றைய தேதி வரை கணக்கு முடித்துக் கொடுங்கள், அந்த அமளியில் மறந்துபோவது அதுதான். மீந்த வலி மாத்திரைகளை மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள். நோட்டை மட்டும் அறையைக் கழுவும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்ப வரும் மருத்துவர் கடைசி மூன்று நாளைப் பற்றிக் கேட்பார், அப்போது உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது.